ஜெலுத்தோங்கில் பனி பெய்வதில்லை

அந்த ஆய்வுக்கூடத்தை நினைத்தால் முதலில் என் ஞாபகத்துக்கு வருவது கணினிகள் அல்ல. கதவுக்கு வெளியே குவிந்து கிடந்த சப்பாத்துகள்தான்.

கறுப்புத் தோல் சப்பாத்து, மஞ்சளாகிப்போன வெள்ளைக் கேன்வாஸ், வார் அறுந்து ஊக்குக் குத்திய பெண்பிள்ளைச் செருப்பு, எல்லாம் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கிடக்கும். மழை நாளில் அந்தத் தாழ்வாரம் முழுக்க ஈரக் காலுறை வாசம் அடிக்கும். கணினிக்குத் தூசி ஆகாது என்று அந்தக் காலத்தில் ஒரு சட்டம். கோயிலுக்குப் போகிற மாதிரி வெளியே கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும்.

தொண்ணூறுகளின் தொடக்கம். பினாங்கின் ஜார்ஜ் டவுனில் ஒரு தனியார் பொறியியல் கல்லூரி. காகித வரைபடங்களைக் கணினிக்குள் ஏற்றச் சொல்லிக்கொடுக்கும் ஆய்வுக்கூடம் என் பொறுப்பு. ஒரு திங்கட்கிழமை மத்தியானம் துறைத் தலைவர் திரு. சியா அந்தச் சப்பாத்துக் குவியலைத் தாண்டித் தாண்டி வந்தார். உள்ளே வரவில்லை. கதவுக் கண்ணாடி வழியாக விரலை மடக்கி என்னை வெளியே கூப்பிட்டார். சீனர், அளந்து பேசுபவர், குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. நாங்கள் பேசியது ஆங்கிலத்தில். இங்கே தமிழில் தருகிறேன்.

"மிஸ் யோகா, செய்முறைத் தேர்வு முடிவைப் பார்த்தேன். பாதிப் பேருக்கு மேல் ஃபெயில்."

"தெரியும் சார்."

"போன செமஸ்டரும் இதே கதை. மாடியில் இருக்கிற கணக்கியல் பிரிவு இந்தக் கணினிகளைக் கேட்டுக்கொண்டே இருக்கிறது. இன்னும் ஒரு செமஸ்டர் பார்க்கிறேன். அதற்கும் இப்படி என்றால் எல்லாவற்றையும் மேலே அனுப்பிவிடுவேன்."

"அப்போது நான்?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. கீழே கிடந்த சப்பாத்துகளைப் பார்த்தார். "உங்கள் வேலை இந்த ஆய்வுக்கூடத்தோடு சேர்த்து உண்டாக்கியது" என்றார்.

உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன். அடுத்த ஐந்து நிமிடம் நான் கத்திய கத்தலுக்குப் பிள்ளைகள் ஏர்கான் குளிரையே மறந்திருப்பார்கள். வேலை போய்விடும் என்ற பயம் எனக்கு. பயம் வந்தால் எனக்குக் கோபமாகத்தான் வெளியே வரும்.

மின்விசிறி போடாத ஆபீஸ்

என் கோபத்தைப் பற்றி இந்தத் தொடரில் ஏற்கெனவே எழுதியிருக்கிறேன். புதிதாகப் படிப்பவர்களுக்காக ஒரு சின்னப் பின்கதை.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ரயில்வே குமாஸ்தாவான ஒருவரின் மகள் நான். எங்கள் ஆட்களின் வீடுகளில் பெண்பிள்ளை என்றால் டீச்சர் ஆகலாம், ஆபீஸில் டைப் அடிக்கலாம். நான் எழுபதுகளில் ஒரு நில அளவையாளரின் ஆபீஸில் படம் வரையப் போனேன். அம்மா தலையில் கை வைத்தாள்.

"உனக்கென்ன விசரே? ரோட்டு அளக்கிற இடத்துக்கு வேலைக்குப் போற பிள்ளையை ஆரடி கட்டுவான்?"

ஒருவனும் கட்டவில்லை என்பது வேறு விஷயம். அதற்கும் ரோட்டுக்கும் சம்பந்தமில்லை.

அந்த ஆபீஸ் ஒரு கடைவீட்டின் மாடியில் இருந்தது. மின்விசிறி உண்டு, ஆனால் போடக்கூடாது. காகிதம் பறக்கும். வியர்வை ஒரு சொட்டு விழுந்தால் மை பரவிவிடும், பிறகு சவர பிளேடால் சுரண்டிச் சுரண்டி எடுக்க வேண்டும். முதலாளி வாயைத் திறக்கவே மாட்டார். தப்பு இருந்தால் சிவப்புப் பென்சிலால் ஒரு வட்டம் போட்டு மேசையில் வைத்துவிட்டுப் போவார். என்ன தப்பு என்று நாமே மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியதுதான். இந்த மனிதர் ஒரு தடவை திட்டித் தொலைத்தால் என்ன என்று எனக்கு ஆத்திரமாக வரும்.

அதனால் நான் சொல்லிக் கொடுக்கப் போனபோது ஒரு முடிவோடு போனேன். தப்பு என்றால் அந்த இடத்திலேயே சத்தமாகச் சொல்லிவிடுவது. வகுப்பில் மலாய், சீன, தமிழ்ப் பிள்ளைகள் எல்லாரும் இருந்தார்கள். பாடம் ஆங்கிலத்தில் நடக்கும், விளக்கம் பாதி மலாயில் போகும். கோபம் மட்டும் எப்போதும் தமிழில்தான் வந்தது, அதுவும் அம்மாவின் யாழ்ப்பாணத் தமிழில்.

பனி அள்ளும் வண்டி

ஆய்வுக்கூடத்தில் என்ன நடந்தது என்று சொல்லிவிடுகிறேன்.

மேசை அகலத்துக்கு ஒரு பலகை. அதன்மேல் காகித வரைபடத்தை ஒட்ட வேண்டும். முதலில் படத்தின் நான்கு மூலைகளையும் கணினிக்குக் காட்ட வேண்டும். பிறகு எலி என்று நாங்கள் கூப்பிட்ட ஒரு கருவியை ரோட்டின் மேல், வேலியின் மேல், ஆற்றங்கரையின் மேல் நகர்த்தி நகர்த்திப் பொத்தானை அமுக்கினால் அந்தக் கோடு கணினிக்குள் போய்விடும். ஒரு மனையின் எல்லையை வரைந்தால் தொடங்கிய புள்ளியிலேயே வந்து முடிக்க வேண்டும். மயிரிழை இடைவெளி விட்டாலும் போச்சு, கணினி அதை மனை என்றே ஒத்துக்கொள்ளாது, பரப்பளவும் சொல்லாது. பலகைக்கு இரண்டு பேர். மின்சாரம் போனால் சேவ் பண்ணாத வேலை எல்லாம் காணாமல் போகும். கரண்ட் போனாலும் கொஞ்ச நேரம் தாங்குகிற பேட்டரிப் பெட்டி வேண்டும் என்று திரு. சியாவிடம் நான் கேட்காத மாதம் இல்லை. "பார்க்கலாம்" என்பார்.

பயிற்சிப் படம் மென்பொருளோடு கூடவே வந்தது. எங்கோ குளிர்நாட்டில் ஒரு ஊர். பயிற்சி என்ன தெரியுமா? ஊரில் பனி கொட்டிக் கிடக்கிறது, பனி அள்ளும் வண்டி எந்த வீதி வழியாகப் போனால் சீக்கிரம் வேலை முடியும் என்று கண்டுபிடிக்க வேண்டும். பினாங்குப் பிள்ளைகள், ஐஸ் கச்சாங் என்ற சீவிய ஐஸ் இனிப்பைத் தவிர வேறு பனியைக் கண்ணால் கண்டிராதவர்கள், கையைக் கக்கத்தில் வைத்துச் சூடேற்றிக்கொண்டு பனி அள்ள வழி தேடினார்கள். ஒருவரும் வாய் திறந்து இது என்ன கூத்து என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்கும் அப்போதே உறைத்திருக்கும்.

பாதிப் பேருடைய மனை மூடவில்லை, வீதி சேரவில்லை. அதனால்தான் ஃபெயில். ஏன் மூடவில்லை? எனக்குப் புரியவில்லை. நான் செய்து காட்டும்போது எல்லாம் அழகாக மூடியது.

எல்லாம் ஓகே மிஸ்

கல்லூரியில் கருத்துப் படிவம் ஒன்று இருந்தது. பாடம் எப்படி, ஆசிரியர் எப்படி, கருவிகள் எப்படி என்று கேட்டு, ஒன்று முதல் ஐந்து வரை வட்டம் போடச் சொல்லும். திரு. சியா வந்து போன அந்த வாரமே அதை எல்லாருக்கும் கொடுத்தேன். எல்லாரும் நான்கில் வட்டம் போட்டிருந்தார்கள். ஃபெயிலானவர்கள் சிலர் ஐந்திலேயே போட்டிருந்தார்கள். கீழே எழுத விட்ட இடத்தில் 'நன்றி மிஸ்' என்று இருந்தது.

விருந்து வீட்டில் சாப்பாடு எப்படி என்று கேட்டால் நாம் என்ன சொல்கிறோம்? சாம்பாரில் உப்பே இல்லாவிட்டாலும் இலையை மடித்துவிட்டு "ரொம்ப நல்லா இருந்துச்சு" என்றுதான் சொல்வோம். அது பொய்யில்லை, மரியாதை. வாத்தியாரிடம் வாத்தியாரைப் பற்றிக் குறை சொல்வது எங்கள் ஊரில் மூன்று இனத்துக்கும் ஆகாத காரியம். அந்த விஷயத்தில் அப்படியொரு ஒற்றுமை.

குமரேசனைத் தனியாகக் கூப்பிட்டேன். வீடு நீரிணைக்கு அப்பால் புக்கிட் தெங்காவில், வாரநாட்களில் ஜார்ஜ் டவுனை ஒட்டிய ஜெலுத்தோங் ஃப்ளாட்டில் அக்கா வீட்டில் தங்கிப் படித்தான். வகுப்பிலேயே கணக்கில் கெட்டிக்காரன். செய்முறையில் மட்டும் மோசமாக ஃபெயில்.

"என்னப்பா கஷ்டம் உனக்கு? சொல்லு, நான் ஒண்ணும் செய்ய மாட்டேன்."

"ஒண்ணும் இல்ல மிஸ். எல்லாம் ஓகே மிஸ்."

"ஃபெயிலாகி நிக்கிறே, என்ன ஓகே?"

"நான்தான் சரியா படிக்கல மிஸ்."

"படிக்கிறதுக்கு அதிலை என்னடா கிடக்கு? கையாலை செய்யிற வேலை!"

என் குரல் ஏறிவிட்டது. அவன் கண்ணைத் தாழ்த்திக்கொண்டான். எனக்கு என்மேலேயே எரிச்சல். ஏதோ இருக்கிறது, இவர்கள் எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது, எனக்கு மட்டும் சொல்ல மாட்டேன் என்கிறார்கள். இந்த ரீதியில் போனால் வருஷக் கடைசியில் நான் வீட்டில் அம்மாவோடு உட்கார்ந்து வெங்காயம் உரிக்க வேண்டியதுதான்.

ஆயர் ஈத்தாம் பஸ்ஸில்

அந்த நாட்களில் நாங்கள் ஆயர் ஈத்தாமில் குடியிருந்தோம். பஸ் கூட்டமாக இருக்கும். பின் சீட்டில் மூலையோரம் கிடைத்தால் குடையை மடியில் வைத்துக்கொண்டு கண்ணை மூடிவிடுவேன்.

ஒரு நாள் அப்படி மூடியிருந்தபோது எனக்கு முன் சீட்டிலிருந்து தெரிந்த குரல் கேட்டது. என் மாணவி ஜமீலா. அவள் அப்பா மார்க்கெட் பக்கத்தில் சாப்பாட்டுக்கடை வைத்திருந்தார். கூட உட்கார்ந்திருந்தது அவர்கள் ஃப்ளாட் கட்டடத்திலேயே இருந்த செல்வி என்ற பெண். அடுத்த செமஸ்டரில் எங்கள் கல்லூரியில் சேரப் போகிறவள். பேச்சில் அது தெரிந்தது. நான் பின்னால் இருப்பது இருவருக்கும் தெரியாது.

"செல்வி, கேட்டுக்க. அந்த லேப்புக்குப் போறப்ப ஸ்டோக்கின் ரெண்டு ஜோடி போட்டுக்க, ஒண்ணு மேல ஒண்ணு. சப்பாத்தக் கழட்டிட்டா தரை ஐஸ் மாதிரி இருக்கும் லா. காலு மரத்துப் போயிடும். கடைசில எல்லாரும் எப்படா வெளிய ஓடுவோம்னு இருப்பாங்க. அந்தக் கடைசிலதான் பார்டரை மூடணும். அவசரத்துல யாருக்கும் மூடாது."

"அப்ப மிஸ்கிட்ட சொல்ல வேண்டியதுதானே அக்கா?"

"அலாமா! மிஸ்கிட்டப் போய்க் குளிருதுன்னு சொல்லுவாங்களா? அவங்களே சேலையைப் போர்த்திக்கிட்டுதான் நிக்கிறாங்க."

மார்க்கெட் அருகே பஸ் நெரிசலில் நின்றுவிட்டது. வெளியே யாரோ மீன் பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். ஜமீலா நிறுத்தவில்லை. முதல் நாளே எலியைக் கையில் பிடித்துக்கொள், கூட இருப்பவன் சத்தக்காரன் என்றால் உனக்குத் தரவே மாட்டான் என்றாள். குமரேசனை உதாரணம் காட்டினாள். "பாவம் அந்த அண்ணன், செமஸ்டர் முழுக்கப் பக்கத்துல நின்னு பாத்ததுதான். பரீட்சையிலதான் முதல் தடவையா எலியைத் தொட்டாரு." சேவ் பண்ணுவது எப்படி என்று லேப் தாளில் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது, அதை முதலில் படி என்றாள்.

இரண்டு செமஸ்டராக நான் தேடியதை இந்தப் பெண் ஒரு பஸ் டிக்கெட் காசுக்குக் கொட்டிக்கொண்டிருந்தாள். கோபம் வரவில்லை. சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. என்னைப் பார்த்துவிடக் கூடாதென்று என் ஸ்டாப்பில் இறங்கவில்லை, அவர்கள் இறங்கிய பிறகு அடுத்ததில் இறங்கி நடந்தேன்.

நடக்கும்போதுதான் விஷயம் பிடிபட்டது. குறை சொல் என்றால் வாயை மூடிக்கொள்வார்கள். பின்னால் வருகிறவனுக்குப் புத்தி சொல் என்றால்? அதற்கு நம் ஊரில் யாரும் பின்வாங்கி நான் பார்த்ததில்லை.

ஒரு வரி வெட்ட மாட்டேன்

மறு வாரம் வகுப்பில் வெள்ளைத்தாளைக் கொடுத்தேன்.

"அடுத்த செமஸ்டர்ல வரப்போற ஜூனியருக்கு எழுதுங்க. இந்த லேப்ல தப்பிக்க என்ன செய்யணும்? எந்த பாஷையிலயும் எழுதலாம், பேர் வேண்டாம். எல்லாத்தையும் அச்சடிச்சு அவங்களுக்குக் கொடுப்பேன். ஒரு வரி வெட்ட மாட்டேன்."

அந்த வாக்குறுதியை ஏன் கொடுத்தேன் என்று பிறகு நொந்துகொண்டேன். ஆனால் அந்த நேரத்தில் அது வேலை செய்தது. முதலில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு தலை குனிந்தது, மணி அடித்தும் நிமிரவில்லை. இன்னொரு தாள் கிடைக்குமா மிஸ் என்று கேட்டு வந்தவர்களும் உண்டு.

ஜமீலா பஸ்ஸில் சொன்ன எல்லாம் அதில் இருந்தது. எனக்குத் தெரியாத வேறு பலவும் இருந்தன. குளிர் தாங்காமல் பின் பெஞ்சுக்காரர்கள் நான் அந்தப் பக்கம் திரும்பியதும் ஏர்கானை அணைத்துவிடுவார்களாம். புழுக்கத்தில் காகிதப் படம் உப்பி, நான்கு மூலையும் முன்பு காட்டிய இடத்தில் இருக்காது, அதற்குப் பிறகு வரைந்த கோடெல்லாம் விலகிப் போகும். 'ஏர்கானை அணைத்தால் மூலையை மறுபடி காட்டு' என்று ஒரு மலாய்ப் பையன் அக்கறையாக எழுதியிருந்தான். அணைக்காதே என்று எழுத அவனுக்குத் தோன்றவில்லை.

'அந்த ஊர் நமக்குத் தெரியாது. ரோட்டைத் தப்பாகப் போட்டாலும் தப்பு என்று கண்ணுக்குத் தெரியாது. கவனம்' என்று ஒரு தாள். பனி அள்ளும் வண்டியைப் பிடித்துக்கொண்டு நான் தொங்கியதற்கு ஒரே காரணம், அது மென்பொருள் பெட்டியோடு வந்தது என்பதுதான்.

கடைசியில் ஒரு தாள் இருந்தது, ஆங்கிலத்தில். எழுத்தைப் பார்த்ததும் முன் வரிசைச் சீனப் பையன் என்று தெரிந்துவிட்டது. அவன் எழுதியிருந்தான்: 'மிஸ் சில நேரம் தமிழில் கத்துவார். பயப்படாதே. அது பரீட்சைக்கு வராது. கத்தி முடிக்கும்வரை பொறுமையாக இரு, பிறகு கேள். அப்போதுதான் மிக நன்றாகச் சொல்லிக் கொடுப்பார்.'

வெட்கமாகப் போய்விட்டது. வீட்டில் அம்மாவிடம் காட்டி, மொழிபெயர்த்தும் சொன்னேன்.

"இதை எடுத்துப்போடப் போறன் அம்மா. புதுப் பிள்ளையள் முதல் நாளே என்னைப் பற்றி என்ன நினைக்குங்கள்?"

அம்மா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிரக்கூட இல்லை.

"உள்ளதைத்தானே எழுதியிருக்கினம். நீ கத்துறனிதானே. வெட்ட மாட்டன் எண்டு வேற சொல்லிப்போட்டு வந்திருக்கிறாய்."

அச்சுக்குப் போனது. ஒரு வரி வெட்டவில்லை.

ஜெலுத்தோங்

அந்த விடுமுறையில் லேப் தாளைத் தலைகீழாக மாற்றினேன். சேவ் பண்ணுவது முதல் பக்கத்துக்கு வந்தது. எல்லையை மூடுவது கடைசிக் காரியமாக இல்லாமல் ஒவ்வொரு மனைக்கும் அங்கங்கே முடிக்கிற காரியமானது. பாதி நேரத்தில் நான் மேசையைத் தட்டுவேன், எலி கை மாறியே ஆக வேண்டும். ஜெலுத்தோங் மார்க்கெட்டில் ரப்பர் பாய் வாங்கி மேசைகளுக்கு அடியில் விரித்தேன். ஏர்கான் பொத்தானுக்கு மேல் ஒரு மூடி போட்டுப் பூட்டினேன், ஆனால் குளிரைக் குறைத்து வைத்துவிட்டுத்தான் பூட்டினேன்.

பனியூர்ப் படத்தைச் சுருட்டி அலமாரியில் போட்டேன். பழைய ஆபீஸ் கை மறக்கவில்லை. மை எடுத்து ஜெலுத்தோங்கை நானே வரைந்தேன், சாலை, சந்து, ஒர்க்‌ஷாப் வரிசை, ஃப்ளாட் எல்லாம். பயிற்சி, குப்பை லாரிக்கு வழி கண்டுபிடிப்பது.

புது வகுப்பில் செல்வி இருந்தாள். மறுபடி எழுத வந்த குமரேசனும் இருந்தான். லாரிப் பயிற்சி ஓடிய முதல் வாரமே பின்னாலிருந்து ஒரு குரல்.

"மிஸ், இது போவாது மிஸ்."

திரும்பினால் குமரேசன். எலி அவன் கையில் இருந்தது.

"எது போவாது?"

"கம்ப்யூட்டர் காட்டுற வழி. இந்த ரோட்டுல காலையில பாசார் போடுவாங்க. லாரி உள்ள நுழைஞ்சா எங்க அக்காகிட்ட அடி வாங்கும்."

வகுப்பு சிரித்தது. அவனும் சிரித்தான். கணினியில் அந்தச் சந்தை ரோட்டைக் காலை நேரத்துக்கு அடைத்து வைத்து மறுபடி வழி கண்டுபிடிக்கச் சொன்னேன். அன்று அவன் வாயிலிருந்து வந்த அத்தனை சொற்களைப் போன செமஸ்டர் முழுக்க நான் கேட்டதில்லை. எனக்கு ரொம்பச் சந்தோஷம்.

இடி இடித்த மத்தியானம்

செய்முறைத் தேர்வு நாள் வந்தது. திரு. சியா தானே வந்து பார்ப்பதாகச் சொல்லியிருந்தார். சப்பாத்தைக் கழற்றிக் குவியலுக்குப் பக்கத்தில் ஒழுங்காக வைத்துவிட்டு, மெல்லிய காலுறையோடு உள்ளே வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் நாற்காலியை மெதுவாக ரப்பர் பாயின் மேல் இழுத்துக்கொண்டதைக் கவனித்தேன்.

பிள்ளைகளுக்குப் பரீட்சை, எனக்கும்தான். வெளியே வானம் இருட்டியது.

பாதித் தேர்வில் பளிச்சென்று ஒரு வெளிச்சம். கூடவே ஒரு இடி, அடுத்த நொடி எல்லாத் திரையும் கறுப்பு. ஏர்கான் முனகி நின்றது. தாழ்வாரக் கூரையில் மழை கொட்டும் சத்தம் மட்டும்தான்.

எல்லாம் போச்சு. வேலை, ஆய்வுக்கூடம், எல்லாம் என் கண் முன்னால் மாடிப்படி ஏறிப் போயின. எனக்குள் ஏதோ உடைந்து யாழ்ப்பாணத் தமிழ் அணை திறந்தது.

"ஐயோ, நாசமாப் போச்சே! இண்டைக்கெண்டு பார்த்து இடி விழுதே! ஒரு பற்றரிப் பெட்டி வாங்கித் தாங்கோ, வாங்கித் தாங்கோ எண்டு தலைப்பாடா அடிச்சனே, கேட்டவரே இந்தக் கஞ்சப் பிசினாறி? பார்க்கலாம் பார்க்கலாம் எண்டு சொல்லிச் சொல்லியே என்ரை பிள்ளையளின்ரை பரீட்சையைக் கெடுத்துப்போட்டார்! இப்ப வந்து பாயிலை காலை வைச்சுக்கொண்டு நல்லாப் பார்க்கட்டும்!"

இன்னும் சொன்னேன். அதெல்லாம் பத்திரிகையில் அச்சேறாது.

ஒருவரும் அசையவில்லை. எல்லாரும் எலியை ஓரமாக வைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு, பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள் மாதிரி அமைதியாக உட்கார்ந்திருந்தார்கள். குமரேசன் மட்டும் உதட்டைக் கடித்துக்கொண்டு தரையைப் பார்த்தான்.

நான் மூச்சு வாங்க நிறுத்தினேன். செல்வி கையை உயர்த்தினாள்.

"முடிஞ்சிடுச்சா மிஸ்?"

"என்ன முடிஞ்சுதா?"

"கத்துறது, மிஸ். முடிஞ்சிடுச்சுன்னா ஒண்ணு கேக்கணும். நாங்க எல்லாரும் ஒவ்வொரு கோட்டுக்கும் சேவ் பண்ணிட்டுதான் வந்தோம். கரண்ட் வந்தா விட்ட இடத்துலேர்ந்து போடலாம்ல? மூலையை மட்டும் மறுபடி காட்டணும், ஏர்கான் நின்னுடுச்சு."

நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

கொஞ்ச நேரத்தில் கரண்ட் வந்தது. கணினிகள் ஒவ்வொன்றாகப் 'பீப்' என்றன. போன நேரத்தைச் சேர்த்துக் கொடுத்தேன். எல்லாரும் படத்தின் மூலையை மறுபடி காட்டினார்கள், சேவ் பண்ணியதைத் திறந்தார்கள், ஜெலுத்தோங்கின் மிச்ச ரோடுகளைப் போட்டார்கள். திரு. சியா எழுந்து வரிசை வரிசையாக ஒவ்வொரு திரையையும் குனிந்து பார்த்தார். மனைகள் மூடியிருந்தன. குமரேசன் திரைக்கு முன்னால் அதிக நேரம் நின்றார், அவன் பெயரைக் கேட்டார். பிறகு மதிப்பெண் போட்டபோது ஒன்றிரண்டு பேரைத் தவிர எல்லாரும் பாஸ். குமரேசன் முதல் மதிப்பெண்.

அவரை வழியனுப்பத் தாழ்வாரம் வரை போனேன். மழை விட்டிருந்தது. அவர் ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு சப்பாத்துக்குள் காலை நுழைத்தார்.

"கணக்கியல் பிரிவு சொந்தமாகக் கணினி வாங்கிக்கொள்ளட்டும்" என்றார்.

தலையை ஆட்டினேன். கண் கலங்கியதை அவர் பார்த்திருப்பார், பார்க்காதது போல இரண்டாவது சப்பாத்தின் நாடாவை இறுக்கினார்.

"அந்தப் பேட்டரிப் பெட்டியையும் வாங்கிவிடலாம்."

"நன்றி சார்."

இரண்டு அடி போனவர் திரும்பினார்.

"ஒன்று கேட்க வேண்டும், மிஸ் யோகா. கரண்ட் போனபோது நீங்கள் ஏதோ நீளமாகச் சொன்னீர்களே, தமிழில். நடுவில் என்னைக்கூடப் பார்த்த மாதிரி இருந்தது. என்ன சொன்னீர்கள்?"

கதவுக் கண்ணாடிக்குப் பின்னால் செல்வியும் குமரேசனும் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றார்கள்.

"அது பரீட்சைக்கு வராது, சார்" என்றேன்.